விசிறியில்லாத மதர்போட்டும் சவரிமுத்து அண்ணையும்

சவரிமுத்து அண்ணை காலமான செய்தி எனக்கு முக்கால் மணி நேரம் பிந்தித்தான் கிடைத்தது. அன்று காலை எங்கள் நிலையத்தின் ஒலி புகாத அறைக்குள் ஒரு பிள்ளையின் காதைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். அந்த அறைக்குள் நான் கைத்தொலைபேசி கொண்டுபோவதில்லை. வெளியே வந்து பார்த்தால், அவருடைய மனைவி மேரி அக்காவிடமிருந்து ஆறு அழைப்புகள். ஆறு முறை ஒருவர் அழைத்திருந்தால் செய்தி என்னவென்று கேட்கத் தேவையில்லை. ஆனாலும் திருப்பி எடுத்தேன்.

"காலமை தேத்தண்ணி குடிச்சவர். கோப்பையைக் கழுவி வைப்பம் எண்டு எழும்பினவர். அவ்வளவுதான்" என்றார்.

சாவு வீட்டுக்கு வந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் கடற்கரைக்காரர். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் படகு முதலாளிமார் வந்திருந்தார்கள். புயலில் தன் வானொலி ஒலித்ததற்கு அவரே காரணம் என்று ஒருவர் சொன்னார். மீன் கூட்டம் காட்டும் கருவியை அவர்போல் எவரும் திருத்தமாட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மேரி அக்கா என்னைக் குசினி அடுப்படிக்குக் கூப்பிட்டார். "இவையள் சொல்லுறதெல்லாம் சரிதான் ரீச்சர். ஆனா அந்தப் பெட்டிக் கதை ஒருத்தருக்கும் தெரியாது. நீங்கள் எழுதுங்கோ. ஒண்டையும் விடாமல் எழுதுங்கோ. இனி ஆருக்கு மறைக்க?" என்றார். அவருடைய சொல்லை ஏற்று இதை எழுதுகிறேன். அண்ணையை அறிந்த உங்களுக்கும் இதில் அறியாதது இருக்கும்.

சவரிமுத்து அண்ணை உட்காரமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். கதிரை போட்டால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கதைத்துக்கொண்டே ஜன்னல் வரை போவார், திரும்புவார், மேசையில் இருப்பதை எடுத்துப் புரட்டுவார். "இருந்தா யோசினையும் என்னோட சேர்ந்து இருந்திடும்" என்பார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய கடையில் ஒரு கதிரைகூடக் கிடையாது. வந்தவர்கள் எல்லோரும் நின்றபடிதான் வேலை சொல்லிவிட்டுப் போவார்கள்.

எங்கள் நிலையம் அப்போது உட்துறைமுகத்தைப் பார்த்திருந்த ஒரு பழைய வீட்டின் இரண்டு அறைகள். பிள்ளைகளின் செவிப்புலனைப் பரிசோதிப்பது என் வேலை. பிள்ளைகளோடு வேலை என்பதால் ஊரில் என்னை ரீச்சர் என்றார்கள். மாதத்தில் இரண்டு நாள் ஒரு வைத்தியர் வருவார். போர்நிறுத்தம் என்பது கடதாசியில் மட்டும் மிஞ்சியிருந்த காலம் அது. பரிசோதனைக்கென்று இருந்த நல்ல கருவி பழுதாகிவிட்டது. அதைத் திருத்தத் தெரிந்தவர்கள் கொழும்பில் இருந்தார்கள். அவர்கள் இந்தப் பக்கம் வர மறுத்தார்கள். ஆகவே ஒரு மேசைக் கணினியில் அதற்கான மென்பொருளைப் போட்டு, ஹெட்போனைப் பிள்ளையின் காதில் மாட்டி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக எழுப்புவேன். கேட்டால் பிள்ளை கையை உயர்த்த வேண்டும். எந்த அளவு வரை கை உயர்கிறது என்பதைத் தாளில் குறித்துக்கொள்வேன். வைத்தியர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.

அந்தக் கணினிக்குள் மூன்று விசிறிகள் இருந்தன. முதல் கிழமை அவற்றின் இரைச்சல் எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டாம் மாதம் அது என் காதில் விழுவதே நின்றுவிட்டது. காதைப் பற்றிப் படித்த எனக்கு இதைவிட வெட்கமான வாக்குமூலம் இல்லை.

மூதூரிலிருந்து குடாவைக் கடக்கும் லோஞ்ச் படகில் வந்தவள் ரிஸ்னா. ஏழு வயது. வகுப்பில் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தாய் கதீஜா பக்கத்தில் இருந்தார். நான் ஒலிகளை எழுப்பினேன். பிள்ளை கையை மடியில் வைத்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒலியை மிகவும் உயர்த்திய பிறகுதான் கை எழும்பியது. குறித்தேன், கையெழுத்திட்டேன். வைத்தியர் தாளைப் பார்த்துவிட்டு, வருகிற ஆண்டு தொலைவில் இருந்த செவிப்புலனற்றோர் விடுதிப் பள்ளியில் சேர்ப்பதற்குப் பரிந்துரை எழுதினார்.

மூன்று கிழமை கழித்துக் கதீஜா தனியாக வந்தார். அன்று மின்வெட்டுக்கென்று நாங்கள் வைத்திருந்த பற்றரிப் பெட்டியைத் திருத்த சவரிமுத்து அண்ணையும் வந்திருந்தார். கதீஜா சத்தம் போடவில்லை. முந்தானையைத் தலைக்கு மேல் சரிசெய்துகொண்டு ஒரே சீராகச் சொன்னார்.

"ரீச்சர், சுபஹுத் தொழுகைக்குப் பொறகு, விடிய முந்தி, நான் மெதுவா குர்ஆன் ஓதுவன். அடுத்தவங்க எழும்பக் கூடா எண்டு வாய்க்குள்ளதான் ஓதுவன். இவ பாயில படுத்துக் கிடந்துக்கு எனக்குப் பின்னால ஓதுறா. பிழ விடாம ஓதுறா. நீங்க செவிடு எண்டு எழுதியிருக்கிறீங்க. அப்ப இவ ஆருட சத்தத்தக் கேட்டு ஓதுறா?"

எனக்குக் கோபம் வந்தது. பிள்ளை மனப்பாடமாக ஓதியிருக்கலாம், தாயின் உதட்டைப் பார்த்திருக்கலாம் என்று படித்த விளக்கங்களைச் சொன்னேன். பெற்றோருக்கு ஏற்றுக்கொள்வது கடினம் என்றும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இருட்டில உதடு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

சவரிமுத்து அண்ணை திருத்துவதை நிறுத்திவிட்டு அறைக்குள் நடக்கத் தொடங்கினார். கணினிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். பத்து நிமிடம் கழித்துத் திரும்பவும் வைத்தார். "ரீச்சர், நீங்களும் கையை வையுங்கோ. முதல் இருந்ததைவிட இப்ப கூட நடுங்குது. சூடு ஏற ஏற விசிறி வேகமாச் சுத்துது. பரிசோதனை தொடங்கேக்க ஒரு இரைச்சல், முடியேக்க வேற இரைச்சல். நீங்கள் பிள்ளையை அளக்கிறியளோ, இதை அளக்கிறியளோ?"

அவர் போன பிறகு ஹெட்போனை நானே மாட்டிக்கொண்டேன். கணினியை இயக்கிய உடனே ஒருமுறை, அரை மணி நேரம் ஓடவிட்டு ஒருமுறை, என் காதை நானே அளந்தேன். இரண்டாவது தாளின்படி நானும் காது குறைந்தவள். அதோடு, கூச்சமுள்ள ஒரு பிள்ளைக்கு ஓயாத இரைச்சலுக்கு நடுவில் எது கையை உயர்த்த வேண்டிய ஒலி, எது பெட்டியின் ஒலி என்று எப்படித் தெரியும்? அது என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. 

மறுநாள் தொடங்கியது எங்கள் அலைச்சல். பெட்டியை அடுத்த அறையில் வைத்து நீண்ட வயரில் ஹெட்போனைக் கொண்டுவந்து பார்த்தோம். வயரில் மின்சாரத்தின் ஊமை இரைச்சல் ஏறி வந்தது. விசிறிகளைக் கழற்றிவிட்டு ஓட்டினோம். திருகோணமலை வெயிலில் பத்து நிமிடத்துக்குள் கணினி தானாக நின்றுவிட்டது. "இந்தப் பெட்டியைத் திருத்த ஏலாது. வேற கட்டுவம்" என்றார் சவரிமுத்து அண்ணை. "விசிறியே வேண்டாத மதர்போட் இருக்காம். அலுமினியச் செதிலால மட்டும் சூட்டை வெளிய விடுமாம்."

சந்தைக்குப் பக்கத்தில் இருந்த இணையக் கடையில் இருவருமாகத் தேடினோம். ஒரு பக்கம் திறப்பதற்குள் அவர் தெருமுனை வரை போய் வருவார். கணினியின் தாய்ப்பலகையான மதர்போட்டில் சிறிய சதுரமானவை அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. அவற்றில் கணிக்கும் சில்லு பலகையோடு ஒட்டியே இருக்கும். மின்சாரம் குறைவாகத்தான் எடுக்கும். எனக்கு ஒன்று பிடித்துக்கொண்டது. சத்தமில்லாதது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள், வேகமும் கூட. அவர் படத்தைப் பெரிதாக்கச் சொல்லி மூக்கு முட்டப் பார்த்தார். பிரதான சில்லில் விசிறி இல்லை. பக்கத்துச் சில்லின் மேல் தீப்பெட்டி அளவில் ஒன்று இருந்தது. "சின்னதுதான் முதல்ல கெட்டுப்போய்க் கத்தும். கடல் காத்து உப்பை உள்ளுக்கு இழுத்துக் கொண்டுவந்து அதுக்கு ஊட்டும். ஆறு மாதம் தாங்காது" என்றார்.

இன்னொன்றில் எங்கும் விசிறி இல்லை. ஆனால் சூடேறும் செதிலை ஒட்டியே மின்தேக்கிகள் நின்றன. சூட்டில் அவை உலர்ந்து வீங்கிவிடும் என்று அதையும் தள்ளினார். மூன்றாவது, எல்லாவற்றிலும் மெதுவானது. நான் முகத்தைச் சுளித்தேன்.

"உங்களுக்கு எதுக்கு வேகம்? ஒரு சின்னக் கீச்சுச் சத்தம் போடுறதுக்கும் ஒரு கோடு கீறுறதுக்கும். அவையள் குளிரான அறையில வைச்சுப் பாத்திட்டுச் சூட்டைச் சொல்லுவினம். எங்கட அறை அப்பிடியோ? மெதுவா ஓடுறதுதான் எங்கட வெயிலைத் தாங்கும்" என்றார்.

இதைச் சொன்னவரே அடுத்த நாள் வந்து, நான்காவது ஒன்று இருக்கிறதாம், அதையும் பார்ப்போம் என்றார். அதற்கடுத்த நாள் பழையதற்கே திரும்பினார். பலகையிலேயே இருக்கும் ஒலி வெளியீட்டில் மெல்லிய சீறல் இருக்கும், அதற்கு வெளியே ஒரு தனிப் பெட்டி வைக்க வேண்டும் என்று ஒரு நாள். காரில் போடும் பற்றரியிலும் ஓட வேண்டும், மின்சாரம் நம்ப முடியாது என்று இன்னொரு நாள். இப்படி மூன்று கிழமை போயிற்று. விடுதிப் பள்ளிக்குப் பெயர் அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "ஏதாவது ஒன்றை வாங்குங்கோ அண்ணை, கொஞ்சம் இரைந்தாலும் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் நடப்பதை நிறுத்தினார். "கொஞ்சம் எண்டா எவ்வளவு? அதை எனக்கு ஆர் சொல்லுறது?" என்றார். பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

கடைசியில் அந்த மெதுவான மதர்போட்டைத்தான் முடிவுசெய்தார். அதை வாங்க அவரே கொழும்புக்குப் பஸ் ஏறினார். அந்தக் காலத்தில் ஒரு தமிழர், குண்டுக்கான பாகம் என்று சந்தேகிக்கப்படக்கூடிய மின்சுற்றுப் பலகையைப் பையில் வைத்துக்கொண்டு கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வருவது என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நிலையத்தின் கடிதத்தாளில் மூன்று மொழியிலும் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன். பரிசோதனைக்கு வரும் பிள்ளைகளின் படம் ஒன்றையும் சேர்த்து வைத்தேன்.

வரவேண்டிய நாளில் அவர் வரவில்லை. மேரி அக்கா நிலையத்துக்கு வந்து என் முன்னால் இருந்தார். என்மேல் பழி எதுவும் சொல்லவில்லை. அது இன்னும் கடினமாக இருந்தது. ஒரு மதர்போட்டுக்காக ஒரு மனிதரை அனுப்பிவிட்டேனே என்று நானும் அன்று அவரைப்போலவே அறைக்குள் நடந்துகொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலை வெங்காய லொறி ஒன்றிலிருந்து அவர் இறங்கினார். சட்டையின் தோள் கிழிந்திருந்தது. வழியில் ஒரு சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்களாம். பின்னாலிருந்து ஒரு சிப்பாய் இவரை நிற்கச் சொல்லியிருக்கிறான். இவர் நடந்துகொண்டே போயிருக்கிறார். மூன்றாம் முறை துவக்கை நீட்டிக்கொண்டு கத்தியிருக்கிறான். பக்கத்தில் வந்த ஒரு சிங்களப் பெண் இவருடைய தோளைப் பிடித்து இழுத்து நிறுத்தியிருக்கிறாள். சட்டை கிழிந்தது அப்போதுதான். பையில் மதர்போட்டைக் கண்டதும் தனியே கொண்டுபோய்விட்டார்கள்.

பின்னேரம் வந்த அதிகாரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாராம். இவருக்குச் சிங்களம் நன்றாக வரும், துறைமுகத்தில் பழகியது. இது எதற்கு என்று அதிகாரி கேட்க, இவர் சொன்னாராம். அதிகாரி தன் வலது காதைத் தொட்டு, இதற்குள் ஒரு வண்டு ஓயாமல் இரைகிறது, உங்கள் நிலையத்தில் அதற்கு மருந்து இருக்கிறதா என்று கேட்டாராம். "எனக்குத் தெரியாது, எங்கட ரீச்சரிட்டக் கேட்டுச் சொல்லுறன் எண்டனான். விட்டிட்டார்" என்றார் சவரிமுத்து அண்ணை.

"கூப்பிட்டபோது ஏன் நிற்கவில்லை?" என்று கேட்டேன்.

"விளங்கேல்லை" என்றார்.  மதர்போட்டை வெளிச்சத்தில் பிடித்து, சாவடியில் யாராவது வெறுங்கையால் தொட்ட அடையாளம் எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கிவிட்டார்.

பெட்டியை அவரே செய்தார். பழுதான ஆழமளக்கும் கருவி ஒன்றின் அலுமினியக் கூட்டை வெட்டி, மதர்போட்டின் சூடு அந்தக் கூடு முழுவதும் பரவும்படி ஒரு தடித்த தட்டை இடையில் முடுக்கினார். காற்றுத் துளைகளுக்குக் கரப்பான் போகாமல் நுளம்பு வலை அடித்தார். நாலாம் நாள் அதை என் மேசையில் வைத்து இயக்கினார். ஒரு பச்சை வெளிச்சம் மட்டும் வந்தது.

"என்ன கேக்குது?" என்றார்.

"ஒன்றும் இல்லை."

"வடிவாக் கேளுங்கோ."

"ஒன்றுமே இல்லை அண்ணை."

ஜன்னல் வரை போய் வந்து மூன்றாம் முறையும் கேட்டார். துறைமுகத்தில் கட்டியிருந்த ஒரு கப்பலின் சங்கிலி உரசும் சத்தம் அந்த அறைக்குள் கேட்கும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். அந்த மகிழ்ச்சியில், முதல் ஆளாக அவரையே பரிசோதிப்போம் என்று பிடித்து இருத்தி ஹெட்போனை மாட்டினேன். அவர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்ததை நான் கவனிக்கவில்லை.

ஒலியை எழுப்பினேன். கை எழும்பவில்லை. கூட்டினேன். எழும்பவில்லை. பெட்டியில் பிழை என்று நினைத்து வயர்களைத் தொட்டுப் பார்த்தேன். அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பெட்டி சரி ரீச்சர். நான்தான் சரியில்லை."

பல ஆண்டுகளுக்கு முன் துறைமுகத்தில் ஒரு படகில் வேலை செய்துகொண்டிருந்தபோது பக்கத்தில் குண்டு வெடித்திருக்கிறது. உடம்பில் ஒரு கீறலும் இல்லை. வலது காது அன்றோடு போயிற்று. இடது காதில் தடித்த ஒலிகள் மட்டும் மிஞ்சின, அவற்றோடு ஓயாத ஒரு இரைச்சலும். அந்தச் சிப்பாயின் குரல் அவருக்குக் கேட்டிருக்கவே இல்லை. வானொலிகளை அவர் ஊசி அசைவதைப் பார்த்தும், ஒலிபெருக்கியின் மேல் விரலை வைத்தும் திருத்திக்கொண்டிருந்தார். கதைக்கும்போது இடம் மாறி மாறி நடப்பது, நல்ல காது நம் பக்கம் வருவதற்காகவும், நம் உதட்டைப் பார்ப்பதற்காகவும்தான். மேரி அக்காவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

"காது கேக்காதவனிட்ட ஆர் ரேடியோ திருத்தக் கொண்டு வருவினம்? நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது" என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "விசிறி கொஞ்சம் இரைஞ்சாலும் பரவாயில்லை எண்டு நீங்கள் சொன்னனீங்கள். அது இரையுதோ இல்லையோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? இல்லாத விசிறி இரையாது. அது ஒண்டுதான் எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது."

ரிஸ்னாவுக்கு நாள் குறித்துத் தாய்க்குச் சொல்லி அனுப்பினோம். அந்த நாள் வருவதற்குள் மூதூரில் சண்டை மூண்டுவிட்டது. குடாவுக்கு அப்பால் ஷெல் விழும் சத்தம் எங்கள் ஜன்னல்களை அதிரவைத்தது. லோஞ்ச் நின்றது. சனம் கால்நடையாகக் கந்தளாய்ப் பக்கம் போகிறது என்றார்கள். கதீஜாவும் பிள்ளையும் எங்கே என்று தெரியவில்லை. என் கோப்பில் மட்டும் அந்தப் பிள்ளை செவிடாகவே இருந்தது.

நிலையத்தின் வான் வண்டியில் முகாம் முகாமாகத் தேடினோம். கந்தளாயில் ஒரு பள்ளிக்கூட முகாமில் கதீஜாவைக் கண்டோம். என்னைக் கண்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளையைத் திரும்பவும் பரிசோதிக்க வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பாமலேயே பிள்ளையின் கையை என் கையில் வைத்தார்.

அந்த முகாமில் சத்தமில்லாத இடம் எங்கே இருக்கும்? சவரிமுத்து அண்ணை வளவு முழுவதும் நடந்து, நிவாரண அரிசி அடுக்கியிருந்த களஞ்சியத்தைக் கண்டுபிடித்தார். கூரை வரை மூட்டைகள். உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் முகாமின் இரைச்சல் முழுவதும் அறுந்து விழுந்தது. ஆனால் அடுப்புப்போல வெக்கை. மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பலகையை வைத்து, வானிலிருந்து கழற்றிய பற்றரியில் பெட்டியை இணைத்தார். நடுவில் சூடேறி நின்றுவிட்டால் அந்தப் பிள்ளையை இன்னொரு முறை இருத்தி வைக்க முடியாது. எனக்கு வியர்வையில் கண் எரிந்தது.

"ஆராவது அசைஞ்சாலும் சாக்கு உரசும்" என்று அவரிடம் மெல்லச் சொன்னேன். அவர் என் உதட்டைப் பார்த்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டு இருந்தார். ஒரு உள்ளங்கை பெட்டியின் அலுமினியத்தின் மேல், மற்றக் கை மடியில். பரிசோதனை முடியும்வரை அவர் அசையவில்லை. அவரோடு பழகிய இத்தனை ஆண்டுகளில் அவர் அப்படி இருந்து நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

மிக மெல்லிய ஒலியிலிருந்து தொடங்கினேன். கை எழும்பவில்லை. அடுத்த படி. ரிஸ்னாவின் விரல்கள் மடியில் அசைந்தன. இன்னும் ஒரு படி. கை எழும்பியது. முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லாமல், வகுப்பில் விடை தெரிந்த பிள்ளையைப்போல நேராக எழும்பியது. அடுத்த ஒலிக்கும் எழும்பியது. இடது காதில் சிறிது குறைவு, காதுக்குள் சீழ் வந்து ஆறியதன் மிச்சம். மருந்தும், வகுப்பில் முன் வரிசை வாங்கிலும் போதும். இரண்டு தரம் அளந்தேன். இரண்டு தாளும் ஒன்றாகவே வந்தன. சவரிமுத்து அண்ணை பெட்டியிலிருந்து கையை எடுத்தபோது உள்ளங்கை சிவந்திருந்தது.

வெளியே வந்து கதீஜாவிடம் சொன்னேன். அவர் அழவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை.

"அப்ப முதல் எழுதினது?"

"பிழை. நான் விட்ட பிழை" என்றேன்.

அவர் தலையசைத்தார். "எழுதித் தாங்க" என்றார். வானின் முன் கதவில் தாளை வைத்து, முந்தைய அறிக்கை பிழையானது என்று எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தேன். வைத்தியரும் பிறகு பரிந்துரையைத் திரும்பப் பெற்றார். ரிஸ்னா முகாமுக்குள்ளேயே நடந்த வகுப்பில் முன் வாங்கில் இருந்து படித்தாள் என்று பிறகு அறிந்தேன்.

திரும்பி வரும்போது சவரிமுத்து அண்ணை வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "கொம்பியூட்டர் விட்ட பிழை எண்டு சொல்லியிருக்கலாம். நீங்கள் சொல்லேல்லை" என்றார்.  கொஞ்சத் தூரம் போனதும் அடுத்த கேள்வி வந்தது. "மற்றப் பிள்ளையள்?"

அந்தக் கேள்வியால் நான் பட்ட பாடு நீண்டது. பழைய பெட்டியில் அளந்த பிள்ளைகளின் கோப்புகளை எல்லாம் வெளியே எடுத்தேன். சம்பூரிலிருந்து வந்த பிள்ளைகள் ஊரோடு இடம்பெயர்ந்திருந்தார்கள். தன் கடை மூடிய நாட்களில் எல்லாம் சவரிமுத்து அண்ணை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வீதி திறந்திருந்த இடங்களுக்குப் போனோம். சிலருடைய அறிக்கைகள் சரியாகவே இருந்தன, சிலருடையவற்றை மாற்றினேன். இரண்டு பிள்ளைகளை இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த இரண்டு பெயர்களையும் அவர் போன ஆண்டுகூடக் கேட்டார்.

காது வண்டைப் பற்றிக் கேட்ட அந்த அதிகாரி எங்களிடம் வரவில்லை. அவருக்கு என்ன பதில் சொல்வது என்று சவரிமுத்து அண்ணை என்னிடம் கேட்டு, நான் சொன்னதை ஒரு தாளில் சிங்களத்தில் எழுதி, அடுத்த முறை கொழும்புக்குப் போனபோது அந்தச் சோதனைச்சாவடியில் கொடுத்துவிட்டு வந்தார். எதற்கு இந்த வேலை என்று நான் கடிந்துகொண்டேன். "கேட்டுச் சொல்லுறன் எண்டனான்" என்றார்.

போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் செவிப்புலன் கருவி மாட்ட அவர் சம்மதித்தார். அதுவும் தலைமயிரை வளர்த்து மறைத்துக்கொண்டு. மாட்டிய மூன்றாம் நாள் நிலையத்துக்கு வந்து, வழக்கம்போல் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தார். திடீரென்று நின்று தன் காலைப் பார்த்தார். "இது என்ர செருப்போ? ரீச்சர், நான் இவ்வளவு நடக்கிறனானோ?" என்றார். இருவரும் சிரித்தோம். பிறகும் நடந்தார்.

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த இருப்புக்கொள்ளாமைதான். இப்போது எங்களிடம் நல்ல கருவி இருக்கிறது, ஒலி புகாத அறை இருக்கிறது. ஆனாலும் கையெழுத்திட்ட பிறகு மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை. போன கிழமை வெருகலிலிருந்து ஒரு சிறுமியைக் கொண்டுவந்தார்கள். பரிசோதித்தேன், தாளில் குறித்தேன், கையெழுத்தும் போட்டேன். பஸ் நிலையம் வரை போய்விட்டேன். பஸ்ஸும் வந்துவிட்டது. ஏறவில்லை. நின்ற இடத்திலேயே தாயின் எண்ணை எடுத்து அழைத்தேன்.

"ஓம் மிஸ், சொல்லுங்கோ" என்றார், பயந்த குரலில்.

"நான் சொல்ல எடுக்கேல்லை அம்மா. பிள்ளை வீட்டில எதெதுக்குத் திரும்பிப் பாக்கிறா எண்டு நீங்கள் சொல்லுங்கோ. நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

அவர் சொல்லத் தொடங்கினார்.